கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு

மீன் கூடையை இறக்கி வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. முழங்கால் இரண்டும் போன பிறகு குருசுக்குப்பத்து வீட்டோடு இருக்கிறேன். சும்மா உட்கார எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் மருமகள் தன் பழைய போனில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். வாள், மந்திரம், பறக்கிற பாம்பு எல்லாம் உள்ள ஓர் உலகம். நமக்கென்று ஓர் ஆளைச் செய்து அதற்குள் நடக்க விட வேண்டும். என் ஆளுக்குக் கையில் வில் கொடுத்து, தலையில் அகலத் தொப்பி ஒன்று வைத்தேன். நாற்பது வருஷம் மார்க்கெட்டில் நான் சொன்னதுதான் விலை. அந்த உலகத்திலும் யாருக்கும் வழி விட்டு ஒதுங்கியதில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திரையில் ஓடுகிற எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் பூதம் வந்து அடித்துவிடும். அதனால் எங்கள் கூட்டம் பேசிக்கொண்டே விளையாடும். என் மருமகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் புதுச்சேரியைச் சுற்றி உள்ளவர்கள். ரெட்டியார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்தான் தலைவர். அவர் என்னை "யம்மா" என்பார். இன்னொருவர் மட்டும் என் தொப்பியைப் பார்த்து, பிரெஞ்சுக்காரச் சீமாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி "மதாம்" என்று கூப்பிடுவார்.

அந்த இன்னொருவர் கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்து விவசாயி. நாற்பது வயசுக் குரல். அவர் பேசும்போது பின்னால் ஏதோ கீச் கீச் என்று கத்தும்.

"இன்னாய்யா அது, வூட்ல கிளி வளக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கிளி இல்ல மதாம், மெஷினு. வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரில படுக்கப் போட்டு என் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள வுடறாங்க. நாலு மணி நேரம். ஒரு கைய அசைக்கக் கூடாது. இன்னொரு கைலதான் உங்களோட சண்ட போட்டுக்கினு கீறேன்."

அதுவரை அவரை மந்தம் என்று எத்தனை திட்டியிருக்கிறேன்!

சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அந்த விளையாட்டில் ஒரு விழா நடக்கும். துறைமுகத்துக்குக் கடல் பூதம் வரும். நூறு பேர் கூடி, கயிறு கட்டிய ஈட்டிகளைக் குத்தி அதைக் கரைக்கு இழுத்துக் கொல்ல வேண்டும். அதிகமாக அடித்த முதல் பத்துப் பேருக்கு முத்து விளக்கு கிடைக்கும். விளக்கு இல்லாதவர் அடுத்த குகை நாட்டுக்குள் நுழைய முடியாது. எங்கள் கூட்டத்தில் பதினொரு பேர் விளக்கு வாங்கிவிட்டோம். ஒற்றைக் கைக்காரருக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரி நாள். ஒரு கையால் எப்படி முதல் பத்துக்குள் வருவார்?

"எத்தினி வாரம்தான் காத்துக்கினு இருக்கிறது?" என்று தலைவர் முனக ஆரம்பித்தார்.

"நீங்க போங்கப்பா. நான் இங்கியே மீன் புடிச்சிக்கினு கெடக்கிறேன்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், விழாவை எப்படி மேம்படுத்தலாம் என்று விளையாடுகிறவர்களே யோசனை சொல்லலாம் என அதை நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். தலைவர் எல்லாரிடமும் கேட்டார். ஒருவர் விளக்கோடு குதிரையும் வேண்டும் என்றார். காலையிலும் ஒரு தடவை நடத்தினால் நல்லது, மூன்று மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வருகிறது என்றாள் மருமகள். நான் போனை வாயருகே வைத்து என் யோசனையைக் குரலாகவே அனுப்பினேன். எங்கள் குப்பத்தில் பெரிய வலை இழுக்கிற வழக்கத்தைச் சொன்னேன். கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு உண்டு. பலசாலிக்கு ஒன்று, நோஞ்சானுக்கு ஒன்று என்று இல்லை. தலைவர் அதை எழுதி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மருமகள் அடுப்பங்கரையிலிருந்து கத்தினாள். "அத்த! வந்துடுச்சி! உங்க யோசன வந்துடுச்சி!"

ஓடி வர முழங்கால் இல்லை. அவளே கொண்டுவந்து காட்டினாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கயிற்றைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் விளக்கு. எங்கேயோ இருக்கிற யாரோ, குருசுக்குப்பத்து மீன்காரி பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்! அன்றைக்குத் தெருவில் நான் சொல்லாத வீடு பாக்கியில்லை. ஒற்றைக் கைக்காரரிடமும் சொன்னேன். "இந்த சனிக்கெழம வெளக்கு உன்னுது. நான் சொல்றேன்."

சனிக்கிழமை வந்தது. பூதம் வந்தது. நூறு பேர் ஓடினார்கள், கயிற்றைத் தொட்டார்கள். தொட்டவுடன் நின்றுவிட்டார்கள்.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஒருவர் கையும் அசையவில்லை. அவ்வளவு பேரும் சிலை மாதிரி நிற்கிறார்கள். தொட்டாயிற்று, பங்கு உண்டு, இனிமேல் எதற்கு இழுக்க வேண்டும் என்று போனைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்களாம். எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர்! பூதம் அலுங்காமல் ஏறி வந்து கலங்கரை விளக்கத்தைத் தின்றது, பண்டகசாலையைத் தின்றது. நிற்கிற ஆட்களையும் ஒவ்வொருவராகத் தின்றது. நான் அம்பு விட்டுக்கொண்டே கத்துகிறேன். பக்கத்தில் ஒற்றைக் கைக்காரர் தனியாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார். அரை மணி நேரத்தில் பூதம் சாகாவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அரை மணி முடிந்தது.

அதற்குப் பிறகு திட்டு. எந்த அறிவுக்கொழுந்து சொன்ன யோசனை இது என்று ஊர் உலகமெல்லாம் எழுதியது. மருமகள் படித்துக் காட்டமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கேட்கக் கேட்கக் காது எரிந்தது. கோபம் தலைவர் மேல் திரும்பியது.

"நான் சொன்னதுல பாதிய முழுங்கிட்டியே! வல கரையேற வரைக்கும் இழுத்தவனுக்குத்தான் பங்கு. நடுவுல கைய வுட்டவனுக்கு ஒரு நெத்திலி கூடக் கெடையாது. அத ஏன் எழுதல?"

"யம்மா, நீங்க சொன்னததான் எழுதினேன்."

"பொய் சொல்லாத. நாப்பது வருஷம் எடைக்கல்லப் பாத்தவ நான்."

அவர் நான் அனுப்பிய குரலை எனக்கே திருப்பி அனுப்பினார்.

மருமகள் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டாள். என் குரல். கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு என்கிறது. நோஞ்சான் என்கிறது. கிழவன் என்கிறது. புதிதாய் வந்தவன் என்கிறது. நடுவில் இருமல் வேறு. முடிந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி போடு" என்றேன்.

மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் கரையேறும் வரை இழுக்க வேண்டும் என்ற பேச்சு இல்லை. எப்படி விட்டேன்? யோசித்துப் பார்த்தால், கடற்கரையில் யாரும் யாருக்கும் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கயிற்றைத் தொட்டுவிட்டு நிற்கிற மனுஷனை எங்கள் குப்பம் பார்த்ததில்லை. இழுப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வுடுங்க அத்த. மறந்துட்டேன்னு சொன்னா போச்சி" என்றாள் மருமகள்.

போச்சு என்று அவளுக்கு வாய் வருகிறது. வாழ்நாளில் ஒரு வாடிக்கையிடம் கூட நான் தப்பு என் மேல் என்று சொன்னதில்லை. இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் கூடியிருக்கிற நேரம் பார்த்துப் பேசினேன்.

"தல மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லாம வுட்டேன். பொய்யின்னு சொன்னதும் என் தப்பு."

தலைவர், "யம்மா, இப்ப சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். வலை கரையேறும் வரை கை விடக் கூடாது என்று மீதியைச் சொன்னேன்.

"மதாம்," என்றது அந்தக் குரல். பின்னால் மெஷின். "இது கத்துனா நர்ஸம்மா வருவாங்க, போன வாங்கி வச்சிடுவாங்க. நான் வுட்டுத்தான் ஆவணும். அப்ப எனக்கும் நெத்திலி கெடையாதா?"

யாருக்காகச் சொன்னேனோ அவரையே வெளியே தள்ளப் பார்த்தேன்! நல்ல வேளை, அவர் அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"இருய்யா, இருய்யா," என்றேன். "எங்க கரைல புள்ளத்தாச்சிக்கு வலி எடுத்து வூட்லேர்ந்து ஆள் வந்தா, இழுக்கறவன் கயித்தப் பக்கத்தாளு கைல குடுத்துட்டு ஓடுவான். 'புடி'ன்னு சொல்லிட்டுப் போனா அவன் பங்கு அப்டியே நிக்கும். சொல்லாம போனாதான் போச்சி."

"அத மொதல்ல எழுதுங்க தல" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை தலைவர் எழுதியதை எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

அதுவும் வர மூன்று மாதம் பிடித்தது. அதுவரை எங்கள் கூட்டத்தில் யாரும் குகை நாட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

புது விதி வந்த சனிக்கிழமை கயிறு முறுக்கேறிக் கிடந்தது. நூறு பேரும் இழுத்தார்கள். பூதம் பாதிக் கரை ஏறிவிட்டது. அப்போது கீச் கீச் என்று அந்தச் சத்தம்.

"மதாம், புடிங்க!"

"புடிச்சிட்டேன், போ!"

திரையில் இரண்டு கயிறு என் தொப்பிக்காரி கையில். ஒரு விரலால் அவருடையதை அழுத்திக்கொண்டு இன்னொரு விரலால் என்னுடையதை இழுத்தேன். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கயிற்றை இழுத்துக்கொண்டே, "வுட்றாதீங்க அத்த, வுட்றாதீங்க" என்று உயிரை வாங்கினாள். குழாயில் தண்ணீர் வந்து குடம் வழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பூதம் விழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. அசையாமல் நின்ற அவருடைய ஆள் தலைக்கு மேலும் ஒன்று இறங்கியது.

கால் மணி கழித்து அவர் குரல் வந்தது. "இன்னா மதாம் ஆச்சி? செத்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள், "உன் தலைக்கு மேல பாருய்யா" என்று மருமகள் சொல்லிவிட்டாள்.