ஐயருக்குச் சிரிக்கத் தெரியாது

யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் சுருவிலில் இருக்கும் அந்தக் கோயிலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தலைவர், உபதலைவர், போசகர், உபபோசகர் என்று மூன்று கண்டங்களிலிருந்து இருபத்தேழு பேர் என் தொலைபேசி இலக்கத்தைத் தேடத் தொடங்குவார்கள். நிர்வாக சபையில் இருபத்தேழு பேர். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நேரில் வருவது பதினொன்று. அதிலும் இரண்டு ஆடு.

அங்கே பூசை செய்பவர் கஜரூபன் ஐயர். நயினாதீவில் பிறந்தவர், வயது நாற்பத்தொன்று. பதின்மூன்று வருடமாகப் பிள்ளையாருக்கு நேரம் தவறாமல் விளக்கு வைக்கிறார். அவரிடம் இரண்டு குறைகள். பேசப் போனால் சொல் வராது. படம் எடுத்தால் முகம் வராது.

முதலாவது, கொன்னை. 'க' என்று தொடங்கினால் அந்தக் 'க'விலேயே கண்ணை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நிற்பார். எங்கள் தீவாருக்கோ அடுத்தவனின் வசனத்தை முடித்துக் கொடுக்கும் பெரிய மனது. ஒருநாள் கடையில் கற்பூரம் கேட்கப் போய் "க... க..." என்று நிற்க, கடைக்காரர் அக்கறையோடு கேட்டார்: "கருவாடோ ஐயா?" கடை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு மனைவி ஸ்ரீவாணி சாமான்களைக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்துத்தான் அவரைக் கடைக்கு அனுப்புகிறார்.

இரண்டாவது, படம். கமராவைக் கண்டால் அந்த முகம் தானாக இறுகிவிடும். கலியாண அல்பத்தில் அவரைப் பார்த்தால் தாலி கட்டப் போகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொலிஸ் பிடித்துக் கொண்டுவந்து இருத்தியது போல இருக்கிறார். மாமியார் பயந்துபோய் மகளிடம், "பிள்ளை, அவருக்கு உன்னைப் பிடிக்கேல்லையோ?" என்று மூன்றாம் நாளே கேட்டாராம்.

பள்ளிக்கூடம் 'வாய் திறப்பதில்லை' என்று றிப்போட்டில் எழுதித் தன் கடமையை முடித்துக்கொண்டது. தகப்பனார் இரத்தினசபாபதிக் குருக்கள்தான் மகனின் ஏழாவது வயதில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மந்திரத்தை ராகத்தோடு இழுத்துச் சொன்னால் பிள்ளைக்கு ஓர் இடத்திலும் தட்டுவதில்லை. ஆற்றொழுக்காக வந்தது. பிள்ளையாருக்கு அது போதும். பிள்ளையார் ஒருநாளும் ஐயரிடம் "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்டதில்லை.

கேட்டவர்கள் ரொறன்ரோக்காரர்.

போன வருடம் கனடாவில் இருக்கும் கோயில் செயலாளர் சசிகரன் ஒரு போன் ஸ்ராண்டும் வட்டமான லைற் ஒன்றும் அனுப்பி வைத்தார். வெள்ளிதோறும் பூசை நேரலையாகப் போக வேண்டும். இங்கே மாலை ஆறு மணிப் பூசை, அங்கே காலை எட்டரை. வேலைக்குப் போகும் வழியில், ஒரு கையில் கோப்பி, மறு கையில் பிள்ளையார். அதுவும் போதாமல் ஒரு கட்டளை வந்தது: பூசை முடிய ஐயர் கமராவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு இரண்டு நிமிடம் ஆசியுரை சொல்ல வேண்டும். பக்தர்களுக்கு 'நெருக்கம்' வேணுமாம். ஒன்பது வருடமாக ஊர்ப் பக்கம் தலைகாட்டாத சசிகரனுக்கு நெருக்கம்!

போன் பிடிக்கும் பொறுப்பு உள்ளூர்த் தலைவர் ஐயாத்துரைக்கு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். போனைப் பிடித்த நாள்முதல் ஏதோ தேர் வடத்தைத் தனியாக இழுக்கிறவர் போல நடை மாறிவிட்டது.

முதல் வெள்ளி ஐயர் பேசவில்லை, முறைத்தார். வட்சப் குழுவில் செய்தி மேல் செய்தி. "ஐயருக்கு எங்களிலை என்ன கோவம்?" "கும்பாபிசேகத்துக்கு நான் வரேல்லை எண்டு மனதிலை வைச்சிருக்கிறார்." லண்டனிலிருந்து ஒருவர் மூன்று நிமிடம் குரல்பதிவு போட்டு மன்னிப்பே கேட்டார்.

இரண்டாம் வெள்ளி ஐயாத்துரை சசிகரன் எழுதி அனுப்பிய ஆசியுரையை ஒரு மட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போனுக்குப் பின்னால் பிடித்தார். ஐயர் "அ... அ..." என்று வாய் திறந்தபடி நின்றார். கடல் கடந்த பக்தர்கள் இன்ரநெற் தடக்குகிறது என்று நினைத்தார்கள். ஒருவர் வைஃபையை நிற்பாட்டிப் போட்டார். இன்னொருவர் கொம்பனிக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தார். ஒரு மனிதன் ஒரு சொல்லுக்காகப் போராடுகிறான் என்பது இருபத்தேழு பேரில் ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லை.

எட்டியதும் ரொறன்ரோவிலிருந்து கடிதம் வந்தது. அலங்காரத் திருவிழாவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றும் இப்படி என்றால், யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வேறு ஐயர். இளையவர், யூரியூப்பில் ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், நன்றாகச் சிரிப்பாராம். கோயிலுக்குப் பின்னாலுள்ள வீடு பூசை செய்பவருக்கு உரியது. கஜரூபன் ஐயரின் மகளுக்குப் பதினோராம் வகுப்பு ஓ/எல் சோதனைக்கு இன்னும் நான்கு மாதம்.

ஐயர் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்ரீவாணிதான் பேசினார்.

"இஞ்சாருங்கோ, உவையளுக்கு உங்களைப் பேசச் சொல்லித்தானே ஆசை? பேசாதேங்கோ. மந்திரம் மாதிரி இழுத்து விடுங்கோ."

ஐயர் தலையை ஆட்டினார். ஓமென்றா இல்லையென்றா என்று தெரியவில்லை. அந்த முகத்தில் எதுவும் தெரியாது.

கடைசித் திருவிழாவுக்கு உள்ளூரில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தீபாராதனை முடிந்தது. ஐயாத்துரை போனை நீட்டி, "ஐயர், சிரியுங்கோ... சிரியுங்கோ..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஐயர் கண்ணை மூடினார். பக்தரின் ஊரும் பேரும் சேர்த்துச் சங்கற்பம் சொல்லும் அதே ராகத்தில் தொடங்கினார்.

சசிகரன் எழுதி அனுப்பிய முதல் வரி அச்சொட்டாக வந்தது. எல்லாருக்கும் விநாயகப் பெருமானின் அருள். ஒரு தட்டல் இல்லை. இரண்டாவது வரி சசிகரன் எழுதியதல்ல.

"கனடா தேசே, ஸ்காபரோ நகரே, சசிகரன் நாமதேயஸ்ய... என்ரை முகம் பிறந்ததிலிருந்தே இதுதான், இதைச் சிரிக்கச் சொல்லாதேங்கோ... சககுடும்பானாம்... எனக்குப் பேச ஏலாது, பூசை செய்ய ஏலும், அதுக்குத்தான் வந்தனான்... கிணத்துக் கப்பி உடைஞ்சு ஆறு மாதம், என்ரை மனுசி கையாலை இழுத்து அபிசேகத் தண்ணி அள்ளுறா... தலைவர் ஐயாத்துரை நாமதேயஸ்ய, போன் பிடிக்க வந்த நாளிலிருந்து ஒருக்காலும் சாமியைப் பாக்கேல்லை... சககுடும்பானாம் க்ஷேம ஸ்தைர்ய..."

ராகம் ஏறியது, இறங்கியது, முத்தாய்ப்போடு முடிந்தது. நாற்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் திணித்தாள். ஐயாத்துரை போனை மறு கைக்கு மாற்றியதில் நேரலையில் பிள்ளையார் ஊஞ்சலாடினார்.

திரையிலோ கூப்பிய கைகள். ஐம்பது, அறுபது, எண்பது. கூப்பிய கை, பூ, விளக்கு, மறுபடி கூப்பிய கை. "மெய்சிலிர்த்தது." "இப்படி ஒரு ஆசி கேட்டதில்லை." பாதிப் பேர் வேலைத்தலத்தில் சத்தத்தை அமத்திவிட்டுப் பார்த்தவர்கள். மீதிப் பேர் சத்தத்தோடு பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரலை முடிந்ததும் ஐயாத்துரையின் போன் அடித்தது. சசிகரன்.

"அண்ணை, ஐயர் கலக்கிப் போட்டார்! கண்ணை மூடினபடி முகத்திலை என்ன ஒளி! பட்டணத்து ஐயருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"தம்பி... அவர் என்ன சொன்னவர் எண்டு கேட்டனீரோ?"

"அது சமஸ்கிருதம்தானே அண்ணை. எங்களுக்கு விளங்குமே? நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள், உங்களுக்கு விளங்கியிருக்கும்."

ஐயாத்துரை கோயிலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாற்பது பேரும் இப்போது அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கம் சொல்வதென்றால் தன் பெயர் வந்த இடத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"ஓம் தம்பி," என்றார். "சமஸ்கிருதம்தான்."

ஐயர் பஞ்சாரத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். முகம் வழமைபோல, யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி. கேட்க வாய் வராது என்று தெரிந்து ஸ்ரீவாணி கேட்டார்.

"என்னவாம் தலைவர்?"

"நீங்கள் எங்கையும் போகத் தேவையில்லை. ஆனா ஒவ்வொரு வெள்ளியும் ஐயர் உப்பிடித்தான் சொல்ல வேணுமாம்." ஐயாத்துரை வேட்டித் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். "கப்பி பூட்ட நாளைக்கே ஆள் அனுப்புறன்."

"அந்த ஆளிட்டையே மடைப்பள்ளிக் கூரையையும் பாக்கச் சொல்லுங்கோ," என்றார் ஸ்ரீவாணி. "அதை இவர் அடுத்த வெள்ளிக்கெண்டு வைச்சிருக்கிறார்."