பெர்த்தோவின் கல்லும் தருமராசாவின் கையும்

என்ர பேர் தருமராசா. படிச்சது ஆறாம் வகுப்பு. ஆனால் மெல்பேர்னில கல்லில கீறின படத்தைக் கடதாசியில எடுக்கத் தெரிஞ்ச தமிழன் நான் ஒருத்தன்தான். இல்லையெண்டு சொல்லுறவை ஃபுட்ஸ்கிரேயில இருக்கிற எங்கட அச்சுக்கூடத்துக்கு வந்து அடிச்சுக் காட்டட்டும்.

பதின்மூண்டு வயசில யாழ்ப்பாணத்தில சுருட்டு லேபிள் அடிக்கிற அச்சகத்தில சேர்ந்தனான். பத்து வருசம் கல்லோட மல்லுக்கட்டினனான். படகில இஞ்ச வந்து கோழி ஃபக்டரியில நிண்டனான். பிறகு ஓவியர்மாரின்ர அச்சுக்கூடத்தில தரை கூட்டப் போனவன், ஆறு மாதத்தில மை உருளையையும் கையில எடுத்திட்டன்.

போன ஒக்டோபர் கிளென் வேவர்லியில இருக்கிற பல் டொக்டர் செந்தில்நாதன் ஒரு கல்லைக் கொண்டு வந்தார். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி பாரிசில அந்துவான் பெர்த்தோ எண்டவர் கீறின படம். அச்சுக்கூடத்தை நடத்துற ஹம்சா, மெட்ராஸ்காரி, பெர்த்தோவின்ர கதையை வாசிச்சுச் சொன்னா. இறைச்சிக் கடைக்காரன்ர மகன். பள்ளிக்கூடம் மிதிக்கேல்லை. வலக்கை மெஷினில நசுங்கிப் போக, இடக்கையால கீறப் பழகி, பத்திரிகையளுக்கு அறுநூறு படம் கீறினவராம். எங்கட கட்சிதான்!

மிஞ்சின கல் இது ஒண்டுதான். இதில அடிக்கிற தாளுகளை வைச்சு ஞாயிறு கண்காட்சி. வெள்ளிக்கிழமை ஹம்சா அஞ்சு தாள் எடுத்தா. அஞ்சும் சாம்பல் பூசினமாதிரி.

“இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா கல்லை எடுத்துட்டுப் போயிடுவேன், மேடம்,” எண்டார் டொக்டர்.

விளக்குமாத்தைச் சாத்தி வைச்சிட்டு நான் முன்னால வந்தன். “பழைய மை காய்ஞ்சு கிடக்கு. அதுக்கு மேல புது மை பிடிக்காது. கழுவ வேணும்.”

“அங்கிள், படமே போயிடும்!” எண்டா ஹம்சா.

“போகட்டும், பிள்ளை.”

டர்பன்டைன் எண்ணெயைக் கல்லில ஊத்தித் துடைச்சன். ஆற்றங்கரையில துணி தோய்க்கிற பொம்பிளை, அவவின்ர கூடை, எல்லாம் அழிஞ்சு போச்சு. வெறுங்கல்.

“ஐயோ, என்ன பண்ணிட்டீங்க!” ஹம்சா கதிரையில இருந்திட்டா. டொக்டருக்கு முகம் கறுத்தது. “யாருய்யா இவரு? தரை கூட்டுறவரா?”

“ஓம், கூட்டுறனான்தான். பொறுங்கோ.”

கல்லில கீறுறது கொழுப்பு மையால; அந்தக் கொழுப்பு உள்ளுக்கு ஊறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதில தண்ணி ஒட்டாது, மைதான் ஒட்டும். கழுவினால் படம் செத்துப் போச்செண்டு பதறுறது புதுசாப் பழகிறவையின்ர பிழை. ஈரத் துணியால ஒருக்காத் துடைச்சு, உருளையில மையெடுத்து உருட்டினன். ஒண்டுமில்லை. திரும்ப ஈரம், திரும்ப மை. மூண்டாந்தரம் கூடையின்ர விளிம்பு தெரிஞ்சது. பிறகு கை. பிறகு அவவின்ர முகம், வாயைத் திறந்து ஆரையோ ஏசுற முகம்!

தாளை வைச்சு அழுத்தித் தூக்கினன். கறுப்பெண்டால் கறுப்பு. நனைஞ்ச துணியின்ர மடிப்பைக்கூட எண்ணலாம்.

டொக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “ஐயா, மன்னிச்சுக்கோங்க. இன்னொண்ணு எடுத்துத் தருவீங்களா?”

“ஒண்டோ? இருபது எடுக்கிறன்.”

ஹம்சா பென்சிலை நீட்டினா. “அங்கிள், கீழே அச்சடிச்சவர் பேரும் போடணும். போடுங்க.”

தமிழில போட்டன். படத்தில கிடந்த பெர்த்தோவின்ர கையெழுத்தை விடக் கொஞ்சம் பெரிசாவே.