உறையின் பின்பக்கம்

இதை ஒளித்து வைத்துக்கொள்ள இனி எனக்குத் தெம்பில்லை.

என் அம்மா ஒரு வாரப் பத்திரிகையில் பிள்ளை வளர்ப்பு, குடும்பச் சிக்கல்கள் பற்றிப் பத்தி எழுதிவந்தாள். வாசகர் கடிதங்கள் காரைக்காலில் எங்கள் வீட்டுக்கே வரும்.

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் இவ வளக்குறா. நம்ம புள்ள கோழிக்குஞ்சு மாதிரி தானா வளருது" என்பார் அப்பா. அம்மா அடுத்த கடிதத்தைப் பிரிப்பாள். உறைகள் எனக்கு. தபால்தலை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. ஆனாலும் பிரெஞ்சுத் தபால்தலைக்குப் பையன்களிடையே அடிபிடிதான். ஒருநாள் அப்படியோர் உறை வந்தது. அம்மா கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தபால்தலையை உரித்துக்கொண்டு, மிச்சத்தை எரிகிற அடுப்பில் போட்டுவிட்டேன்.

"அந்த உறையப் பாத்தியாடா?"

"இல்லம்மா."

அடிக்காத வீட்டில் பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள் என்று முந்தின வாரம்தான் எழுதியிருந்தாள். நம்பிவிட்டாள். குப்பையைக் கிளறினாள். தபால்காரரிடம்கூடக் கேட்டாள்.

கடிதத்தில் இருந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து பிரான்சுக்கு வாழப்போன பெண். தினமும் அடி. கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். பதிலைப் பத்திரிகையில் போடவேண்டாம், புருஷன் வீட்டார் படிப்பார்கள். உறையின் பின்பக்கம் உள்ள தோழியின் விலாசத்துக்கு எழுதுங்கள் என்றும்.

இரண்டு நாள் யோசித்து, பத்தியின் அடியில் பேர், ஊர் இல்லாமல் அம்மா ஒரு வரி சேர்த்தாள்: 'விலாசம் தவறிப்போன சகோதரிக்கு: இன்னொரு கடிதம் எழுதுங்கள்.' எட்டு வாரம் அதே வரி. பிறகு ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். அதற்கப்புறம் எந்தக் கடிதம் வந்தாலும், பிரிக்கும் முன்பே விலாசத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள்.

அந்த எட்டு வாரமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கேட்பேன்:

"பிரான்சு அக்கா மறுபடி எழுதினாங்களாம்மா?"

"இல்ல ராசா. நீயாவது அவள நெனச்சுக் கேக்குறியே" என்று அம்மா என் தலையைத் தடவுவாள். கண் கலங்கியிருக்கும்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த உறையிலும் ஒரு தபால்தலை இருக்கும்.