பீரோவுக்குள் வைத்த வைஃபை

எண்ணூரில் எதைத் திறந்து வைத்தாலும் அனல்மின் நிலையச் சாம்பல் தூசி படிந்துவிடும். அதனால் புதிதாக வாங்கிய வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்து மூடினேன். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நகரவே இல்லை. என் மகள் பெயர்தான் பாஸ்வேர்டு. எதிர்வீட்டு மேரியக்காவின் மகன் அதைக் கண்டுபிடித்து இன்டர்நெட்டைத் திருடுகிறான் என்று அவர்கள் வாசலில் நின்று கத்திவிட்டேன்.

"எம்புள்ள லேப்டாப்ப ஆபீஸ்லயே வுட்டுட்டு வர்றான் நைனா. உள்ள வந்து பாத்துக்கோ" என்றார் அக்கா.

மறுநாள் மனைவி புடவை எடுக்க பீரோவைத் திறந்ததும் இன்டர்நெட் பறந்தது. மூடியதும் நின்றது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி, வுடு" என்றார்.

இப்போது பெட்டி பீரோவின் மேல் இருக்கிறது. தினமும் தூசி துடைக்கிறேன். எது பழுதானாலும் முதலில் என் வீட்டுக்குள்தான் பார்க்கிறேன். எந்நேரமும் திறந்தே கிடந்த அக்கா வீட்டுக் கதவுதான் இப்போது சாத்தியே இருக்கிறது.