வெற்றிலைக் கொடியின் மறுபாதி

இன்று காலை மொட்டை மாடியில், நீல டிரம்மில் இருந்த வெற்றிலைக் கொடியை இரண்டாகப் பிரித்து நட எடுத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோதே இருந்த கொடி அது. வேர் டிரம்மையே அடைத்துவிட்டதால் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. இலையும் சிறுத்துப்போய்விட்டது.

மண்ணோடு வெளியே சாய்த்து, அறுக்கக் கத்தியை வைத்தேன். அப்போதுதான் ஒரு அம்மா படியேறி வந்தார்.

"நிறுத்து மா! அது எம்பொண்ணு வச்ச கொடி."

முன்பு இங்கே குடியிருந்தவராம். கொடி எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போக வந்தாராம்.

"பொண்ணு எங்கம்மா இருக்காங்க?"

"செத்துப் பூட்டா மா. அப்பால இந்த வூட்ல இருக்க முடியல. எண்ணூர் பக்கம் போயிட்டோம்."

பிரிக்காவிட்டால் கொடி பட்டுப்போகும் என்று மெல்லச் சொன்னேன். வேரைத் தொட்டுப் பார்த்தவர், கத்தியை வாங்கித் தானே அறுத்தார். இரண்டு பாதியிலும் வேரும் தளிரும் இருக்கும்படி, பார்த்துப் பார்த்து அறுத்தார்.

ஒரு பாதியைத் தனக்கென்று ஈரச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது திரும்பிக் கேட்டார்.

"சாயங்காலம் மேல கொலுசு சத்தம் கேக்குதா மா? அவ தண்ணி ஊத்த வர்ற நேரம் அது."

"இல்லம்மா, கேட்டதில்ல" என்றேன். உண்மையாகவே கேட்டதில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

இப்போது மணி ஆறு. துணியெல்லாம் மாடியில் காய்கிறது. எடுத்துவர யாராவது துணைக்கு வருகிறீர்களா?