பேர் கொடுத்த சனிக்கிழமை

காப்பி பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியவர்களுக்குத்தான் அந்தக் கசப்பு தெரியும்; எழுத்தும் ஊதாவாகும், நாக்கும் ஊதாவாகும், அந்த நாக்கோடு தெருவில் போனால் "உபதேசியார் வீட்டுப் பாப்பா பேர் எழுதிட்டு வருது" என்று யாராவது சிரிப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட முப்பதுகளின் புதுச்சேரியில் எனக்குப் பத்து வயது. திரும்பிய பக்கமெல்லாம் கத்தோலிக்கக் கோயில் மணியோசை கேட்கும் அந்த ஊரில், எங்கள் லுத்தரன் சபை முப்பது குடும்பம்கூடத் தேறாது. ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில், மணிகூடக் கிடையாது.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு "ஐயர்", அதாவது குருவானவர், இல்லை. கடலூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். என் அப்பா உபதேசியார். ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் வாசிக்கலாம், ஆனால் நற்கருணையின் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அதற்காகவே தெற்கே குருமார் பள்ளியில் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கிரேக்க எழுத்து படித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தால் சபை வேலையைப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்த்தார் என்று ஐயர்தான் பள்ளிக்குக் கடிதம் எழுதுவார்.

நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை "பேர் கொடுக்கிறது" எங்கள் வழக்கம். மறுநாள் நற்கருணைப் பந்திக்கு வருகிறவர்கள் அப்பா முன்னால் வந்து உட்கார வேண்டும். "யார்கூடயாவது மனஸ்தாபம் உண்டா?" என்று அப்பா கேட்பார், உண்டு என்றால் போய்ச் சமாதானமாகிவிட்டு வரச் சொல்வார். பிறகுதான் நான் நோட்டில் பெயர் எழுதுவேன். நோட்டில் பெயர் இல்லாதவருக்குப் பந்தியில் இடமில்லை. இதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சனிக்கிழமை மாலை ரொட்டி வாங்கப் போனேன். சுடச்சுட வாங்கிய ரொட்டியின் முனையைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டு வரும்போது, நெல்லித்தோப்பு ஞானமுத்து மாமா தன் "புஸ்புஸ்" வண்டியில் ஒரு வெள்ளைக்கார மதாமை உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டத்தோடு ஓட்டமாகக் கத்தினார்: "பாப்பா, கப்பல்ல எறங்குனவங்க சவாரி இருக்குது, இன்னைக்கு வரத் தோதுப்படாது. உங்கப்பார்கிட்ட சொல்லி எம் பேரையும் எழுதிடு. புள்ளைகூட முழங்கால் போடணும்!"

அவருடைய ஒரே மகன் சாமுவேல், செவ்வாய்க்கிழமை கப்பலில் சைகோனுக்கு வேலைக்குப் போகிறான். போனால் எத்தனை வருஷமோ. அவன் முதல் ஆளாக வந்து பெயர் கொடுத்திருந்தான். வாய் நிறைய ரொட்டியோடு நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் சுத்தமாக மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். ஐயர் புதியவர், ஒழுங்கில் கறார். நோட்டைப் பார்த்தார், ஞானமுத்து மாமாவைப் பார்த்தார். "பேர் கொடுத்தீரா?"

ஞானமுத்து மாமாவின் பார்வை பெண்கள் பக்கம் திரும்பி என்மேல் வந்து நின்றது. அப்போதுதான் அவர் சொல்லியனுப்பியது எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்லீங்க ஐயரே. மறந்துட்டேன்."

எழுந்து, சபையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பாய்வரை நடந்துபோய் உட்கார்ந்தார். கூடவே எழப்போன மகனை, இரு என்று கையமர்த்திவிட்டுத்தான் போனார். சாமுவேல் தனியாக வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. ஐயர் மத்தியான பஸ் ஏறும்வரை திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை காலையில்தான் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு, ஐயரை மறுபடி கூட்டிவரக் கடலூருக்கு ஓடினார். ஐயர் விடியற்காலையிலேயே கிராமங்களுக்குக் கிளம்பிவிட்டார், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டுகிற நேரத்தில் திரும்பிவந்த அப்பா அம்மாவிடம், "இன்னும் ஒரு வருஷம் முன்னாடி படிக்கப் போயிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கப்பல் பாலத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். ஜெபம் பண்ணினார், அவரால் ஆனது அவ்வளவுதான். சாமுவேல் ஏறிய சலங்குப் படகு அலையில் ஏறி இறங்கிக் கப்பலை நோக்கிப் போனது. நான் ஞானமுத்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மாமா மறந்துட்டேன்" என்றேன்.

"தெரியும் பாப்பா. வாய் நெறைய ரொட்டி, எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார், படகிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன்னைச் சொன்னா நோட்டு உங்கப்பாரு பொறுப்புன்னு ஐயர் பள்ளிக்கு எழுதிப்புடுவாரு. உங்கப்பாரு ஐயராவணும் இல்ல?"

மறு வருஷம் அப்பா ஐயரானார். எங்கள் கோயிலில் அவர் முதல்முறை நற்கருணை கொடுக்க வந்தபோது, சனிக்கிழமை மத்தியானமே ஞானமுத்து மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரா எழுது பாப்பா" என்றார். சாமுவேலின் பெயரையும் எழுதினேன். அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர்தான். ஞானமுத்து மாமா காலமானபோதும் மகன் சைகோனிலேயே இருந்தான்.

இப்போது புஸ்புஸ் வண்டியும் இல்லை, சலங்கும் இல்லை. எங்கள் கோயிலில் பேர் கொடுக்கும் வழக்கமும் எப்போதோ நின்றுவிட்டது; யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, போனால் கிடைக்கிறது. நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பந்தியில் என் வலப்பக்கம் இரண்டு ஆள் இடம் விட்டுத்தான் முழங்காலிடுகிறேன். "தள்ளி வாங்கம்மா" என்று கோயில் வேலை பார்க்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் சொல்கிறான், நானும் காது கேட்காத கிழவியாக இருந்துவிடுகிறேன்.