மிஷின் நின்றால் திறக்கும் கதவு

கீழ்பென்னாத்தூர் சாலையில் உள்ள மல்லாட்டை மில்லில் நான் சூப்பர்வைசர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். தினமும் பத்து நிமிடம் சும்மா நின்று ஒருவர் வேலை செய்வதைக் கவனிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். மனிதர்களை வேடிக்கை பார்ப்பதும் அவர்கள் சொல்வதை மனசில் முடிந்து வைப்பதும் என்னோடு பிறந்த வியாதி.

எங்கள் மல்லாட்டைப் பருப்பை வாங்கும் வெளியூர்க் கம்பெனி, மில்லில் பாதுகாப்புத் திட்டம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் அனுப்பிய ஆள் அரை நாள் பேசி, கவனித்ததைச் ‘சரி’, ‘ஆபத்து’ என்று குறிக்க ஒரு கட்டு அட்டை கொடுத்துவிட்டுப் போனார். மீதியை நானே செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அடிபட்ட பிறகு பதறுவதை விட, அன்றாடம் வேலை செய்கிற பழக்கத்தைக் கவனி என்பதுதான் விஷயம். நன்றாகச் செய்தால் சொல்லிப் பாராட்டு. ஆபத்தாகச் செய்தால் ஏன் என்று கேள். திட்டாதே, அட்டையில் பேர் எழுதாதே. யாரும் யாரையும் கவனிக்கலாம்.

முதல் வாரம் எல்லாம் ‘சரி’தான். அட்டையோடு போய் நின்றால், கல்யாண போட்டோவுக்கு நிற்பது மாதிரி வேலை செய்தார்கள். மூட்டையிலிருந்து கொட்டும் கடலையில் கொடி, குச்சியெல்லாம் பொறுக்கும் அக்கா ஒருவர்தான் உண்மையை உடைத்தார்.

“ஒங்க அட்டையப் பாத்தா என் கை நல்ல புள்ள ஆயிடுதுங்க. நீங்க அந்தாண்ட போனதும் அதுக்குப் பழைய புத்தி வந்துடுது.”

அதை அப்படியே அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அட்டை என் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் பாயைப் பார்த்தேன். கடலை உடைக்கும் மிஷினை ஓட்டுகிறவர் அவர். மில் முழுக்க அவருக்குப் பாய் என்றுதான் பேர். மேலே உள்ள தொட்டியில் கடலையைக் கொட்டினால், கீழே சுழலும் உருளையில் விழுந்து தோல் உடையும். பொறுக்கத் தவறிய கொடி தொட்டியின் வாயில் சிக்கிக்கொள்ளும். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாய் ஓடுகிற மிஷினுக்குள் வலது கையை விட்டு இழுத்தார்.

“பாய்! இன்னா பண்றீங்க!”

“கொடி சார். எடுத்தாச்சு, வுடுங்க.”

எனக்கு இது புரியவே இல்லை. டீயை நாலு முறை ஊதிக் குடிக்கிறவர் அவர். செருப்பைத் தட்டிப் பார்க்காமல் கால் நுழைக்க மாட்டார். இந்த மனுஷன் எப்படி? கை உரசாமல் இருக்கட்டும் என்று டவுனில் கையுறை வாங்கி வந்து கொடுத்தேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், வெறுங்கைய இழுத்துக்கலாம். இது மாட்டுச்சுன்னா கையயும் கூட்டிக்கினு போயிடும். எனக்கு வேணாம், ஒங்களுக்குக் குளுருக்கு ஆவும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் ஒன்று உறைத்தது. ஆபத்து இவருக்கு என்னைவிட ஜாஸ்தி தெரிகிறது. தெரிந்தும் ஏன் கையை விடுகிறார்?

பௌர்ணமிக்கு மறுநாள். பாதிப் பேர் ராத்திரி கிரிவலத்தில் மலை சுற்றிவிட்டுத் தூக்கம் இல்லாமல் வந்திருந்தார்கள். கொடி பொறுக்கும் கைகள் மந்தம். தொட்டிக்குள் போன கொடி ஜாஸ்தி. பாய் அடிக்கடி கையை விட்டார். ஒரு தடவை வெடுக்கென்று பின்வாங்கினார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுத் துணி கிழிந்து தொங்கியது. கை தப்பித்துவிட்டது. பாய் தன் விரல்களை ஒரு தரம் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“பாய், எனக்காக ஒரு தடவ நிறுத்திட்டு எடுங்க,” என்றேன்.

நிறுத்தினார். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அமைதி என்னவோ போல இருந்தது. அடுத்த நொடியே முதலாளி அறையின் கதவு திறந்தது.

“இன்னாபா, ஏன் நிக்குது?”

அவ்வளவுதான். கோபம் இல்லை, வசவு இல்லை. ஆனால் அத்தனை முதுகும் குனிந்தது. பாயின் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது, கொடி பாதி உள்ளே இருக்கும்போதே.

பிறகு இரண்டு நாள் நான் மிஷினைக் கவனிக்கவில்லை, அந்தக் கதவைக் கவனித்தேன். கரண்ட் போனாலும் திறந்தது, பெல்ட் நழுவினாலும் திறந்தது. அட்டையை எடுத்து எழுதினேன்: ‘மிஷின் நின்றால் கதவு திறக்கிறது. கதவு திறக்கக் கூடாதென்று கை உள்ளே போகிறது.’ பேர் எழுதவில்லை. முதலாளியிடம் போய் நீட்டினேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். “என்னியவே கவனிச்சியா நீ?”

“யாரும் யாரையும் கவனிக்கலாம்னு சொல்லிட்டுப் போனாங்களே, மொதலாளி.”

“நான் யாரயாச்சும் திட்டி நீ பாத்திருக்கியா?”

“இல்லீங்க. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்குது. கேக்கறதே போதுமா இருக்குது. பௌர்ணமிக்கு மறுநா பாயோட சட்ட கிழிஞ்சிது. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா கையே போயிருக்கும்.”

அவர் முகம் மாறியது. “எங்கிட்ட ஏன்யா யாரும் சொல்லல?” என்றார். பிறகு நான் பதில் சொல்வதற்குள் அவரே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “கொடி மாட்டுனா மிஷின நிறுத்திட்டே எடுக்கச் சொல்லு.”

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மிஷின் நின்றது. பாய்தான் நிறுத்தினார். எல்லோரும் கதவைப் பார்த்தோம். அது திறந்தது. முதலாளி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ வாய் வரை வந்து, மென்று விழுங்கினார்.

“கொடியா, கல்லா?” என்றார் கடைசியில்.

“கொடிதான் மொதலாளி. நெறய கீது.”

“சரி, பொறுமையா எடு.”

பாய் உருளை முழுசாக நிற்கும் வரை காத்திருந்தார். அப்புறம்தான் குனிந்தார். முதலாளி உள்ளே போகவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். பழக்கம் விடுமா?

“ஆச்சா?”

தொட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலேயே பாய் வலது கையை மேலே தூக்கி, மண் அப்பிய ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

“அஞ்சு நிமிசம்!”